பொலோன்யாவின் வெயிலும் கணக்கும்

ஒளியை உட்கொண்ட மூலக்கூறு எவ்வாறு வேறொரு மூலக்கூறாக மாறுகிறது என்பதை ஆராயும் ஒளிவேதியியல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் பொலோன்யா நகரில் முறையான சோதனைத் துறையாக உருப்பெற்றது. அந்நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில், குவாண்டம் இயற்பியலின் சமன்பாடுகளைக் கணினியால் தீர்த்து மூலக்கூற்றின் போக்கை அறியும் கணிப்பு வேதியியல், அத்துறையின் மையக் கேள்வியொன்றை அதே நகரில் எதிர்கொண்டது. முன்னதைத் தீர்க்கதரிசனம் என்றும் பின்னதை அதன் நிறைவேற்றம் என்றும் இணைத்துச் சொல்லும் வழக்கம் வேதியியல் வரலாற்றில் உண்டு. ஆனால் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ எண்பது ஆண்டுகளில் அக்கேள்வி லெய்டன், லண்டன், ஹார்வர்டு என்று பல இடங்களில் உருமாறியே வந்தது என்பதையும், சோதனைக் குழாய் சொன்னதும் கணக்கு சொன்னதும் பல இடங்களில் ஒன்றல்ல என்பதையும் கருதினால், அந்த இணைப்பு பாதி மட்டுமே பொருந்தும்.

ஒளி பொருள்களை மாற்றும் என்பது மிகப் பழைய அறிவு. சாயம் மங்குவதும், துணி வெளுப்பதும், வெள்ளி உப்பு கறுப்பதும் வேதியியல் பிறக்கும் முன்பே மனிதர் கண்டவை. உயிர்ச்சேர்மம் ஒன்றின் ஒளிமாற்றம் குறித்த தொடக்கப் பதிவுகளுள் ஒன்று 1834-இல் ஜெர்மானிய மருந்தியலாளர் டிரோம்ஸ்டார்ஃப் எழுதியது: குடற்புழு நீக்கும் மருந்தாகப் பயன்பட்ட சாண்டோனின் என்னும் பொருளின் நிறமற்ற படிகங்கள் வெயிலில் மஞ்சளாகிப் பின்னர் வெடித்துச் சிதறுவதை அவர் கண்டார். மூலக்கூறு உட்கொள்ளும் ஒளி மட்டுமே வேதிமாற்றத்தை உண்டாக்க வல்லது என்ற விதியை 1817-இல் குரோட்டஸும் 1841-இல் டிரேப்பரும் தனித்தனியே வகுத்திருந்தனர். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒளிவினை என்பது எதிர்பாராமல் நேர்ந்த விந்தையாகவே பதியப்பட்டது. யாரும் அதைத் தேடிச் செல்லவில்லை. விதிவிலக்காகச் சாண்டோனினை 1870-களில் தொடர்ந்து ஆராய்ந்தவர் உரோமில் பணியாற்றிய ஸ்டானிஸ்லாவோ கன்னிசாரோ. அணு எடைகளைத் தெளிவுபடுத்தியவர் என்று பாடநூல்கள் அறிமுகப்படுத்தும் அதே கன்னிசாரோதான்.

அவருடைய ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தவர் ஜாகோமோ சியாமிசியன். ஆர்மீனிய வழிவந்த குடும்பத்தில் 1857-இல் திரியெஸ்தே நகரில் பிறந்து, வியன்னாவில் பயின்று, 1880-இல் கீசன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். நைட்ரஜன் அணுவொன்றும் நான்கு கார்பன் அணுக்களும் வளையமாக அமைந்த பிர்ரோல் என்ற சேர்மத்தின் வேதியியலே அவருக்கு முதலில் பெயர் தந்தது. அத்துறையில் ஒரு வினை இன்றும் அவர் பெயராலும் டென்ஸ்டெட் பெயராலும் வழங்குகிறது. 1886-இல் அவர், ஆல்கஹாலில் கரைத்த குயினோனை வெயிலில் வைத்தால் அது ஹைட்ரோகுயினோனாக மாறுகிறது என்றும், அதற்கு ஈடாக ஆல்கஹால் ஆல்டிஹைடாகிறது என்றும் அறிவித்தார். ஒரு பொருளிலிருந்து ஹைட்ரஜன் அணு மற்றொன்றுக்குச் செல்லும் இவ்வினைக்கு வழக்கமாகக் கடுமையான வினைப்பொருள்கள் தேவைப்படும். இங்கே வெயிலைத் தவிர வேறெதுவும் சேர்க்கப்படவில்லை. 1887-இல் பதுவாவிலும் 1889-இல் பொலோன்யாவிலும் பேராசிரியர் பதவி ஏற்றபோது, ஜெர்மானிய வேதியியலாளர் பால் சில்பரும் அவருடன் சென்றார். 1900 முதல் முதலாம் உலகப்போர் தொடங்கும் காலம் வரை இருவரும் ‘ஒளியின் வேதிச் செயல்கள்’ என்ற பொதுத் தலைப்பில் வெளியிட்ட கட்டுரை வரிசையே கரிம ஒளிவேதியியலின் அடித்தளம்.

அவர்களுடைய முறை எளியது, ஆனால் பொறுமையைக் கோரியது. ஆராய வேண்டிய பொருளைக் கரைப்பானுடன் கண்ணாடிக் குழாய்களிலும் குடுவைகளிலும் இட்டு, வாயை உருக்கி மூடி, ஆய்வுக்கூடத்தின் மேல்தளத்தில் வரிசையாக வைத்தனர். குடுவைகளின் நடுவே சியாமிசியன் நிற்கும் புகைப்படங்கள் வேதியியல் வரலாற்று நூல்களில் அடிக்கடி இடம்பெறுகின்றன. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கழிந்த பின் குழாய்களைத் திறந்து உள்ளிருப்பதைப் பிரித்து அடையாளம் கண்டனர். வெயிலோடு சூடும் சேர்ந்தே வருவதால், மாற்றத்துக்குக் காரணம் ஒளியா வெப்பமா என்பதைப் பிரித்தறிய வேண்டியிருந்தது. அதற்காக ஒளிபடாத குழாய்கள் ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டன. குழாயைச் சூழ்ந்து வண்ணக் கரைசல்களை நிரப்பி, நிறமாலையின் நீலப் பகுதி செய்வதைச் சிவப்புப் பகுதி செய்யுமா என்றும் சோதித்தனர், பெரும்பாலும் செய்யவில்லை. மின்விளக்குகள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, ஒளியின் அளவை எண்ணாகச் சொல்ல முடிந்த பிற்காலத்துடன் ஒப்பிட்டால் இது கரடுமுரடான முறைதான். ஆனால் வேதியியலாளர் அதுவரை தற்செயலுக்கு விட்டிருந்த ஒன்றை வரிசையாகச் செய்து பார்க்கும் வழக்கம் இங்கேதான் தொடங்கியது.

அவ்வரிசை தந்த பலன்கள் இன்றைய ஒளிவேதியியல் பாடநூலின் பொருளடக்கம் போலவே இருக்கின்றன. பென்சோபீனோன் ஆல்கஹாலில் ஒளிபட்டு, இரு மூலக்கூறுகள் இணைந்த பினக்கோலாக மாறுவதை 1900-இலும், ஆர்த்தோ-நைட்ரோபென்சால்டிஹைடில் ஆக்சிஜன் ஒரே மூலக்கூற்றுக்குள் இடம் மாறி நைட்ரசோபென்சாயிக் அமிலம் உண்டாவதை 1901-இலும், ஸ்டில்பீன், கூமரின் ஆகியவை இரண்டிரண்டாகச் சேர்வதை 1902-இலும் அவர்கள் பதிவு செய்தனர். கீட்டோன் வகைச் சேர்மங்கள் வெயிலில் பிணைப்பு முறிந்து சிதைவதையும் கண்டனர். இங்கிலாந்தின் நாரிஷ் இதைப் பிற்காலத்தில் விரிவாக ஆராய்ந்ததால் அவ்வினை அவர் பெயரைப் பெற்றது. இவற்றில் மிக நுட்பமானது 1908-இல் வெளியான கார்வோன் ஆய்வு. சீமைச் சோம்பின் மணத்துக்குக் காரணமான கார்வோனில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. நீர் கலந்த ஆல்கஹாலில் கரைத்து ஏறத்தாழ ஓராண்டு வெயிலில் வைத்தபோது, அதே எண்ணிக்கை அணுக்களைக் கொண்ட புதுப் பொருளொன்று உண்டானது. இரண்டு இரட்டைப் பிணைப்புகளும் ஒன்றோடொன்று இணைந்து நான்கு கார்பன் கொண்ட சதுர வளையத்தைக் கட்டிக்கொண்டன என்று இருவரும் முன்மொழிந்தனர். நவீன கருவி எதுவுமின்றி வந்த அந்த முடிவு சரியே என்று 1957-இல் பூகியும் கோல்ட்மனும் நிறுவினர். சிசிலியைச் சேர்ந்த இம்மானுவேலே பட்டெர்னோ 1909-இல் கண்ட மற்றொரு சேர்க்கை வினையும், அதாவது கார்பனைல் தொகுதி ஒன்று இரட்டைப் பிணைப்புடன் சேர்ந்து ஆக்சிஜன் உள்ள சதுர வளையத்தை உண்டாக்குவதும், 1954-இல் அதே பூகியின் கையில்தான் உறுதிப்பட்டது.

சியாமிசியனின் பெயரை வேதியியலுக்கு வெளியே கொண்டு சென்றது இந்த ஆய்வுகளல்ல, 1912 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த எட்டாவது பன்னாட்டுப் பயன்முறை வேதியியல் மாநாட்டில் ‘எதிர்கால ஒளிவேதியியல்’ என்ற தலைப்பில் அவர் ஆற்றிய உரை. அதே மாதம் அது ‘சயன்ஸ்’ இதழில் அச்சானது. வெப்பமண்டலத்தில் 10,000 சதுர கிலோமீட்டர் நிலத்தின் மீது ஓராண்டில் விழும் சூரிய ஆற்றல், சுமார் 300 கோடி டன் நிலக்கரியை எரித்தால் கிடைப்பதற்குச் சமம் என்றும், ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஆண்டுதோறும் தோண்டியெடுக்கும் நிலக்கரி 110 கோடி டன் அளவே என்றும் அவர் கணக்கிட்டுக் காட்டினார். புதைந்து கிடக்கும் பழைய வெயிலைச் செலவிடும் நாகரிகம் அன்றன்று வரும் வெயிலுக்கு மாற வேண்டும் என்பதும், பயிர் விளையாத பாலைநிலங்களில் புகையில்லாத் தொழிற்கூடங்கள் எழும் என்பதும் அவ்வுரையின் சாரம். சூரிய ஆற்றல் பற்றி எழுதுவோர் இன்று தவறாமல் இவ்வுரையை நினைவுகூர்கின்றனர். ஆனால் அவ்வுரை தந்தது ஒரு திசை மட்டுமே. ஒளியைக் கொண்டு எரிபொருள் செய்யும் வழி எதையும் அது தரவில்லை, தருவதாகச் சொல்லவுமில்லை. குழாய்கள் தந்த வினைகளின் பட்டியலோ இன்றுவரை செல்லுபடியாகும் சொத்து. உரையின் புகழ் பட்டியலை மறைத்துவிட்டது என்பதே உண்மைக்கு நெருக்கமான மதிப்பீடு. 1922 ஜனவரியில் சியாமிசியன் மறைந்தார். போரோடு அறுந்த ஆய்வு வரிசையை அந்த வேகத்தில் தொடர்ந்தவர் நெடுங்காலம் எவருமில்லை.

மேல்தளக் குழாய்கள் தொடக்கத்தையும் முடிவையும் காட்டினவே தவிர, இடையில் நடந்ததைக் காட்டவில்லை, காட்டவும் முடியாது. 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா ஒளியின் ஒரு மோல் துகள்கள் சுமார் 300 கிலோஜூல் ஆற்றலைச் சுமக்கின்றன; கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பை அறுக்கத் தேவைப்படுவதோ ஏறத்தாழ 350 கிலோஜூல். இவ்வளவு ஆற்றலை ஒரே விழுங்கில் பெற்ற மூலக்கூற்றில் எலெக்ட்ரான் அமைப்பு உயர்நிலைக்குத் தாவுகிறது. இதைக் கிளர்வு நிலை என்றும், தொடக்கத்தில் இருந்த அமைதியான நிலையை அடிநிலை என்றும் சொல்வர். கிளர்வு நிலையிலுள்ள மூலக்கூறு சில வேளை ஒளிர்ந்தும், சில வேளை சூடாகியும் பழைய வடிவுக்கே திரும்புகிறது. சில வேளை மட்டும் புதுப் பொருளாக இறங்குகிறது. இந்த இறக்கம் எந்த இடத்தில், எந்த வடிவில் நிகழ்கிறது என்பதே ஒளிவேதியியலின் மையக் கேள்வியாயிற்று.

கேள்வியைக் கணக்காக எழுதும் மொழி 1927-இல் பார்னும் ஓப்பன்ஹைமரும் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது. அணுக்கருக்கள் எலெக்ட்ரான்களைவிட ஆயிரக்கணக்கான மடங்கு கனமானவை ஆதலால், கருக்களின் ஒவ்வோர் அமைவுக்கும் எலெக்ட்ரான்களின் ஆற்றலைத் தனியே கணக்கிடலாம் என்றனர். அப்படிக் கணக்கிட்ட ஆற்றல்களை எல்லா அமைவுகளுக்கும் சேர்த்துப் பார்த்தால் மேடும் பள்ளமும் உள்ள நிலவரைபடம் போன்றதொரு பரப்பு கிடைக்கும். அதுவே நிலையாற்றல் பரப்பு. அடிநிலைக்கு ஒன்று, கிளர்வு நிலைக்கு அதற்கு மேலே ஒன்று. இரண்டு பரப்புகளும் ஒன்றையொன்று தொடுமா? ஒரே வகைச் சமச்சீர் கொண்ட இரு நிலைகள் ஈரணு மூலக்கூற்றில் வெட்டிக்கொள்ளா என்பது 1929-இல் வான் நாய்மன், விக்னர் இருவரின் ஆய்வால் தெளிவாயிற்று. எட்வர்டு டெல்லர் 1937-இல் இதை மேலும் நகர்த்தினார்: அணுக்கள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் வெட்டிக்கொள்ள இடமுண்டு, வெட்டும் இடத்தருகே இரு பரப்புகளும் முனையோடு முனை சேர்ந்த இரு கூம்புகளின் வடிவம் கொள்ளும், மேற்பரப்பில் அங்கு வந்து சேரும் மூலக்கூறு ஒளிராமலே, ஒற்றை அதிர்வு நேரத்தில் கீழே இறங்கிவிடும். பின்னாளில் ஹைட்ரஜன் குண்டோடு பெயர் பிணைந்துபோன டெல்லரின் இளமைக்கால வேலை இது.

இந்தக் கூம்பு வெட்டு அரை நூற்றாண்டு காலம் வேதியியலாளரின் கவனத்துக்கு வெளியே கிடந்ததற்குக் காரணங்கள் உண்டு. வெட்டாமை விதி ஈரணு மூலக்கூறுக்கே உரியது என்பது மறக்கப்பட்டு, பெரிய மூலக்கூறுகளுக்கும் அதுவே பொருந்தும் என்ற எண்ணம் பரவியிருந்தது. வெட்டும் இடம் இருந்தாலும் அது அரிதான விபத்து என்று கருதப்பட்டது. இரண்டையும் மறுப்பதற்கு வேண்டிய கணக்கு எவர் கையிலும் இல்லை. 1965-இல் ஹார்வர்டின் உட்வர்டும் ஹாஃப்மனும் எலெக்ட்ரான் சுற்றுப்பாதைகளின் சமச்சீரைக் கொண்டு எந்த வளைய வினை வெப்பத்தால் நடக்கும், எது ஒளியால் நடக்கும் என்று சொல்லும் விதிகளை வெளியிட்டனர். இவ்விதிகளுக்கு வித்திட்ட எண்ணங்களுள் ஒன்று, வைட்டமின் டி-யின் ஒளிமாற்றங்களை ஆராய்ந்த ஹவிங்கா, கோட்பாட்டாளர் ஊஸ்டர்ஹோஃப் ஆகியோரிடமிருந்து, லெய்டனில் எழுந்தது. விதிகள் அனுமதியைச் சொல்லின; பாதையைச் சொல்லவில்லை. பாதையைத் தேடிய ஊஸ்டர்ஹோஃபும் வான் டெர் லுக்டும் 1969-இல் பியூட்டாடையீன் வளையமாக மூடும் வினையைக் கணக்கிட்டு, கிளர்வுப் பரப்பில் ஒரு பள்ளம் இருப்பதாகவும், மூலக்கூறு அங்கே தங்கி, சிறு இடைவெளியைத் தாண்டிக் கீழே குதிப்பதாகவும் காட்டினர். சிம்மர்மனும் மிக்லும் இத்தகைய இறங்குமிடங்களைப் புனல் என்றே அழைத்தனர். ஆனால் புனலின் அடி உண்மையில் திறந்திருக்கிறதா, சற்றே மூடியிருக்கிறதா என்பதில் தெளிவில்லை; பெரும்பாலோர் மூடியிருக்கிறது என்ற பக்கமே சாய்ந்தனர்.

கேள்வி பொலோன்யாவுக்குத் திரும்பியது இந்தக் கட்டத்தில்தான். அங்கு ஃபெர்னாண்டோ பெர்னார்டியும் மாசிமோ ஒலிவூச்சியும், லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மைக்கேல் ராபும் கூட்டாக ஆய்வு செய்தனர். 1990-இல் அமெரிக்க வேதியியல் கழக இதழில் இவர்கள் டே என்பவருடன் வெளியிட்ட கட்டுரை, இரண்டு எத்திலீன் மூலக்கூறுகள் ஒளியால் சேர்ந்து சதுர வளையமாகும் மிக எளிய வினையை எடுத்துக்கொண்டு, அங்கே இடைவெளி இல்லை, பரப்புகள் உண்மையாகவே வெட்டிக்கொள்கின்றன என்று காட்டியது. பன்னிரண்டு அணுக்கள் கொண்ட அமைப்பின் வடிவத்தைக் குறிக்க 30 எண்கள் வேண்டும்; அவற்றுள் குறிப்பிட்ட இரண்டு திசைகளில் நகர்ந்தால் மட்டுமே பரப்புகள் பிரிகின்றன, எஞ்சிய 28 திசைகளிலும் ஒட்டியே இருக்கின்றன. ஆகவே வெட்டு என்பது தனிப் புள்ளியன்று. மூலக்கூறு எளிதில் தவறவிட முடியாத அளவுக்குப் பரந்த தளம். அரிதான விபத்து என்ற பழைய கருத்து இங்கே விழுந்தது. முந்தைய கணக்குகள் பள்ளம் கண்டதற்குக் காரணம், உழைப்பைக் குறைக்க மூலக்கூற்றின் சமச்சீரைக் கலையாமல் வைத்திருந்ததே. வெட்டு இருந்தது சமச்சீர் கலைந்த வடிவங்களில்.

இக்கணக்கு 1990 வாக்கில் கைகூடியதற்குக் கருவிகளின் வரலாறும் காரணம். கிளர்வு நிலையை ஒற்றை எலெக்ட்ரான் அமைவால் விவரிக்க முடியாது. முக்கியமான சில எலெக்ட்ரான்களை முக்கியமான சில சுற்றுப்பாதைகளில் இயன்ற எல்லா வழிகளிலும் அமர்த்திக் கணக்கிட வேண்டும். ஸ்வீடனின் லுண்ட் நகரைச் சேர்ந்த பியோர்ன் ரூஸ் 1980-இல் சீக்பான், டெய்லர் ஆகியோருடன் இதற்கு ஒழுங்கான வழியை வகுத்தார். எத்திலீன் இணைக்கு நான்கு எலெக்ட்ரான்களும் நான்கு சுற்றுப்பாதைகளும் போதும். எலெக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் இணைகளாக அடங்கிய நிலைக்கு அமைவுகள் 20 மட்டுமே. எட்டுக்கு எட்டு என்றால் 1,764. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்றால் 2,26,512. மூலக்கூறு சற்றே பெரிதானால் கணக்கு எவ்வளவு விரைவில் கைமீறும் என்பதற்கு இவ்வெண்களே போதும். எந்தச் சுற்றுப்பாதைகளைச் சேர்ப்பது, எவற்றை விடுவது என்பது இன்றும் ஆய்வாளரின் தேர்ச்சியைப் பொறுத்தது. தவறாகத் தேர்ந்தால் இல்லாத வெட்டும் தோன்றும். எலெக்ட்ரான்கள் நொடிதோறும் ஒன்றையொன்று தவிர்த்து நகர்வதால் விளையும் ஆற்றல் குறைவும் இம்முறையில் முழுமையாக வராது. லுண்ட் குழுவே 1990-களின் தொடக்கத்தில் அதற்குத் திருத்த முறை கண்டது. இக்குறைகளைச் சுட்டிய விமர்சனங்கள் நியாயமானவை. பெர்னார்டி குழுவின் முதல் எண்கள் பின்னர் திருந்தின, வெட்டு இருக்கிறது என்ற முடிவு நிலைத்தது.

அடுத்த சில ஆண்டுகளில் பென்சீன், பியூட்டாடையீன் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்குகள் வந்தன. ஐயம் கொண்டோரை அசைத்தது பார்வையின் வேதியியல். விழித்திரையின் ரொடாப்சின் புரதத்துக்குள் வளைந்த வடிவில் இருக்கும் ரெட்டினால், ஒளி பட்டதும் நேரான வடிவுக்குத் திருகிக்கொள்கிறது. இத்திருகல் மிக விரைவானது என்பதை 1976-இலேயே ஏரியே வார்ஷல் கணினிப் போன்மத்தால் முன்னுரைத்திருந்தார். 1991-இல் ஷென்லைன், பெட்டியானு, மேத்தீஸ், ஷாங்க் ஆகியோர் லேசர் துடிப்புகளால் அளந்தபோது, விளைபொருள் 200 ஃபெம்டோ விநாடிக்குள் தோன்றியது; ஒரு ஃபெம்டோ விநாடி என்பது விநாடியின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. பள்ளத்தில் தங்கி, இடைவெளி தாண்டிக் குதிக்க இந்த நேரம் போதாது. திறந்த புனலுக்கு மட்டுமே போதும். ரெட்டினாலின் சுருங்கிய மாதிரியொன்றை 1997-இல் கராவெல்லி, ஒலிவூச்சி, ராப் முதலியோர் கணக்கிட்டு, கிளர்வுப் பரப்பின் சரிவு நேரே கூம்பு வெட்டில் முடிவதைக் காட்டினர். 2010-இல் மிலானின் லேசர் ஆய்வாளரும் பொலோன்யாவின் கணக்காளரும் பெர்க்லியின் மேத்தீஸும் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், மூலக்கூறு வெட்டை நெருங்கிக் கடப்பதன் அடையாளங்கள் 100 ஃபெம்டோ விநாடிக்கும் குறைவான நேரத்தில் பதிவாயின. அளவும் கணக்கும் ஒன்றையொன்று தாங்கி நின்ற இடம் இது.

இனி, பொலோன்யா கேட்டது, பொலோன்யாவே விடை சொன்னது என்ற கதையின் தகுதி. பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை சியாமிசியன் பெயரையே தாங்குவதால் அக்கதை எளிதில் எழுகிறது. ஆனால் 1990-இன் கணக்கு ஒருமை நிலைக்கானது, அதாவது எலெக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் இணைகளாக அடங்கிய நிலைக்கானது. சியாமிசியனும் சில்பரும் கண்ட குயினோன், பென்சோபீனோன், கார்வோன் வினைகள், இரு எலெக்ட்ரான்களின் தற்சுழற்சி ஒரே திசை கொண்ட மும்மை நிலையின் வழியே நடப்பவை. தற்சுழற்சி மாறினாலொழிய மூலக்கூறு அங்கிருந்து இறங்க முடியாது, ஆகவே புனல் திறந்திருந்தும் நேரடிப் பயனில்லை. மும்மை நிலை நெடுநேரம் தங்குகிறது, இரு முனைகளில் தனி எலெக்ட்ரான் தாங்கிய இடைநிலைப் பொருள்கள் உருவாகின்றன, அவற்றுள் பல திரும்பிப் பழைய பொருளாகவே மாறுகின்றன. இப்பாதைகளுக்கான கணக்கு தனியே செய்யப்பட வேண்டியிருந்தது: பட்டெர்னோ–பூகி வினையின் ஒருமை, மும்மைப் பாதைகள் இரண்டையும் பொலோன்யா–லண்டன் குழு 1994-இல் ஆராய்ந்தது, கார்வோனின் இனத்தைச் சேர்ந்த ஈனோன்கள் இரட்டைப் பிணைப்போடு சேரும் வினையை 2000-இல் ராபும் கலிஃபோர்னியாவின் ஹௌக்கும் தம் சக ஆய்வாளர்களுடன் கணக்கிட்டனர். கூம்பு வெட்டு தெளிவுபடுத்தியது முதன்மையாகப் பார்வை, வைட்டமின் டி, டி.என்.ஏ. காரங்களின் ஒளிதாங்கும் திறன் போன்ற அதிவேக வினைகளை. 1908-இல் ஓராண்டு வெயிலில் இருந்த கார்வோன் குடுவைக்கு உரிய விளக்கம் வேறு கணக்கிலிருந்து, வேறு நகரங்களின் துணையோடு வந்தது.